பத்தாவது வரிசை

அட்டவணையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். இயற்கை, மொழி, நட்பு, நாடு என்று எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, கணிப்பொறியில் வரையும் படத்தின் ஓரத்தில் நிற்கும் கட்டங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆறு திங்களுக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஓர் அட்டவணையின் கடைசி வரிசை தாளுக்கு வெளியே போய்விட்டதால், குற்றம் ஏதும் செய்யாத ஒரு பையன் என் கண்ணெதிரே வசை கேட்டான். அந்த வசைக்கு உரியவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று என் மனம் சொல்கிறது; எழுதுகிறேன்.

நான் ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பெண். இயற்பியலில் முதுகலை படிக்கப் பெங்களூர் வந்தேன். ஜீவனஹள்ளியில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறந்தது 1864-இல். இன்றும் அதே பாதையில்தான் வண்டிகள் ஓடுகின்றன. பெங்களூர் கிழக்கு நிலையம் எங்களுக்கு அருகில்தான். இரவில் படித்துக்கொண்டிருக்கும்போது ஊருக்குச் செல்லும் வண்டியின் ஓசை கேட்கும். கேட்கும் ஒவ்வொரு முறையும் சித்தி, "போய்ட்டு வரலாமா?" என்பாள், போகமாட்டோம்.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்த காலந்தொட்டுத் தமிழர்கள் இப்பக்கம் வந்து குடியேறியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஒரேயடியாக வீடு கட்டவில்லை. முதலில் ஓர் அறை. மகளுக்குத் திருமணம் முடிந்த பின் இன்னோர் அறை. மகன் வேலைக்குப் போன பின் மாடி. எங்கள் தெருவில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும், தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் வானை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை அடுத்த மாடிக்காக விட்டுவைத்த கம்பிகள். வந்த புதிதில் அவை எனக்கு அழகற்றவையாகத் தோன்றின. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது. ஒரு லேத்து, ஒரு துளையிடும் எந்திரம், ஒரு சாணைக்கல், அவ்வளவுதான். பட்டறைக்கு உரியவரை எல்லாரும் மேஸ்திரி என்றே அழைப்பார்கள். குடியாத்தத்துப் பக்கத்துக்காரர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தொழில் கற்க ஒரு பையன் இருக்கிறான். துமகூர்ப் பக்கத்துக் கன்னடப் பையன். பதினெட்டு வயது இருக்கும். நிறையப் பேசமாட்டான். கையில் வெர்னியர் கருவி கொடுத்தால் மட்டும் அவன் முகம் மலரும்.

எங்கள் துறையின் பட்டறையில் வேலைகள் நிறையக் காத்துக் கிடந்தன. என் ஆய்வுக்கு ஒரு சிறு வெற்றிடக் கலம் தேவைப்பட்டது. மெல்லிய உலோகப் படலம் ஒன்றைக் காற்றில்லாத இடத்தில் வைத்து, வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். பேராசிரியரின் இசைவு பெற்று, கலத்தை மேஸ்திரியிடம் கொடுத்துச் செய்வது என்று முடிவாயிற்று. படம் வரைவது என் பொறுப்பு.

கலத்துக்குப் பத்து உறுப்புகள். அடித்தட்டு, மூடித் தட்டு, உருளை, வளையம், மறை என்று ஒன்பது. பத்தாவது, கால். துருப்பிடிக்காத எஃகு, குறுக்களவு 12 மில்லிமீட்டர், நீளம் 90 மில்லிமீட்டர், எண்ணிக்கை 3. மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் செல்லும். அதனால்தான் முக்காலி தள்ளாடுவதில்லை. மூன்று கால்களும் ஒன்றுபோலவே இருப்பதால் படத்தில் ஒரு காலை மட்டும் வரைந்தேன். படம் வரைவோரின் வழக்கம் அதுதான். எத்தனை வேண்டும் என்பதைப் படம் சொல்லாது, பட்டியல்தான் சொல்லும். பட்டியலை நம்பித்தான் ஒன்றை வரைந்து மூன்றைக் கேட்கிறோம்.

ஆட்டோகேட் என்னும் மென்பொருளில் வரைந்தேன். பட்டியலை முதலில் ஆங்கிலத்தில் அமைத்தேன். பத்து வரிசைகளும் தலைப்பு வரிசையும் அடக்கமாக நின்றன. அட்டவணைக்குக் கீழே தாளின் விளிம்பு வரை 31 மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருந்தது. அன்றிரவே அச்சிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது.

ஆனால் அப்போது ஓர் எண்ணம் தோன்றியது. இந்தப் படத்தைப் படிக்கப் போகிறவர்கள் இருவர். மேஸ்திரி தமிழ் படிப்பார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பையன் கன்னடம் படித்தவன். இருவர் மொழியும் இல்லாத ஒரு பட்டியலை இருவர் கையிலும் கொடுப்பது என்ன நியாயம்? ஆகவே ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழிலும், பக்கத்தில் கோடிட்டுக் கன்னடத்திலும் எழுதத் தொடங்கினேன். கன்னட எழுத்தைச் சித்தியின் மகள் சரிபார்த்தாள்.

எழுதிய உடனே ஒரு வேடிக்கை நடந்தது. "மூடித் தட்டு" என்று எழுதினேன். திரையில் கேள்விக்குறிகளாக நின்றது. "கால்" என்று எழுதினேன், அதுவும் கேள்விக்குறி. கன்னடத்துக்கும் அதே கதிதான். பிழை என்னுடையதே. நான் தேர்ந்திருந்த எழுத்துரு பழைய '.எஸ்எச்எக்ஸ்' வகையைச் சேர்ந்தது. எழுதுகோல் பிடித்து வரையும் அச்சு எந்திரங்களுக்கு ஏற்ப, வெறுங் கோடுகளால் ஆன எழுத்துகள் அவை. அந்த எழுத்துருவில் நம் எழுத்துகளுக்கு வடிவமே இல்லை. விண்டோசுடன் வரும் நிர்மலா எழுத்துருவில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. 'டெக்ஸ்ட் ஸ்டைல்' என்னும் இடத்துக்குச் சென்று அதைத் தேர்ந்தேன். கேள்விக்குறிகள் மறைந்து தமிழும் கன்னடமும் தோன்றியபோது, யாரோ விருந்தினர் வாசலில் வந்து நின்றதைப்போல மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டு மொழிப் பெயர்கள் ஒரே கட்டத்துள் அடங்குமா? ஆறு பெயர்கள் அடங்கவில்லை. அவை மடிந்து இரண்டாம் வரிக்குச் சென்றன. மடிந்த ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பருத்தது. வரிசைகளைச் சிறிதாக்க எண்ணி, அவற்றின் கீழ்க்கோட்டைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்தேன். கோடு சற்று வந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே போய் நின்றது. மீண்டும் இழுத்தேன், மீண்டும் போயிற்று. மணி இரவு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. "எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதே, போதும்" என்று எண்ணி மறுநாள் காலை கடையில் கொடுத்து இரண்டு படிகள் அச்சிட்டேன். ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்தேன். மற்றொன்றைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். விரித்துப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். மேசைமீது பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் உறுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கடைந்த உலோகத்தின் பளபளப்பு கண்ணைப் பறித்தது.

"சரியா வந்திருக்கா பாரும்மா" என்றார் மேஸ்திரி.

ஒவ்வொன்றாக எண்ணினேன். "கால் ஒண்ணுதான் இருக்கு ஐயா. மூணு வேணுமே!"

"ஒண்ணுதானே போட்டிருந்தது?"

"படத்துல ஒண்ணு. பட்டியல்ல மூணுன்னு எழுதியிருக்கேன்."

மேஸ்திரியின் முகம் மாறியது. பையன் பக்கம் திரும்பினார். "பட்டியலைப் பார்த்துச் செய்யின்னு எத்தினி தபா சொல்லியிருக்கேன்? கண்ணை எங்கேடா வெச்சிருந்தே?"

பையன் மெல்லச் சொன்னான்: "பட்டியல்லே ஹத்து இல்ல, மேஸ்திரி."

"ஒம்பது இருக்கும், பத்து மட்டும் எப்பிடிடா இல்லாம போவும்? படிச்ச பொண்ணு பொய்யா சொல்லுது?"

படத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அது அப்போது அங்கே இல்லை. தட்டுகளை வெட்டுவதற்காக வேறொரு கடைக்கு அனுப்பியிருந்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்குப்பா, நான்தானே எழுதினேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கீழே கிடந்த இரும்புச் சுருள்களைப் பெருக்கத் தொடங்கினான்.

மேஸ்திரி தொழிலின் நட்டத்தை எனக்கு விளக்கினார். மூன்று கால்களையும் ஒரே அமைப்பில், ஒரே தடுப்பில் வைத்து வெட்டினால்தான் நீளம் மூன்றிலும் ஒன்றாக இருக்கும். ஒன்றை வெட்டிவிட்டு அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். இனி இரண்டை மட்டும் வெட்டினால் நூலிழை வேறுபடும், கலம் சாயும். ஆகவே மூன்றையும் புதிதாகவே வெட்ட வேண்டும். அரை நாள் வேலை. ஒரு துண்டு எஃகும் வீண். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாம் பையன் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணிப்பொறியைத் திறந்தேன். பத்தாவது வரிசை இருந்தது. "கால், எஃகு, 3" என்று தெளிவாக இருந்தது. உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கிறது.

இரவு அலமாரியில் ஏதோ தேடியபோது சுருட்டி வைத்த படி கையில் பட்டது. விரித்தேன். அட்டவணை ஒன்பதோடு முடிந்திருந்தது.

நம்ப முடியாமல் திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகுதான் திரையில் அந்தப் புள்ளிக்கோட்டைக் கண்டேன். 'லேஅவுட்' என்னும் பக்கத்தில் வெண்மையான தாள் ஒன்று தெரியும். அதன் உள்ளே நான்கு பக்கமும் புள்ளிக்கோடு ஓடும். அச்சு எந்திரம் எட்டக்கூடிய எல்லை அதுதான். தாளுக்கு வெளியே வைத்த பொருளும் திரையில் தெரியும்; ஆனால் அச்சில் வராது. ஆறு வரிசைகள் ஆறு ஆறு மில்லிமீட்டராக வளர்ந்து 36 ஆயின. நான் விட்டிருந்த இடமோ 31. பத்தாவது வரிசை புள்ளிக்கோட்டைக் கடந்து, பாதிக்குமேல் தாளையும் விட்டு வெளியே போய் நின்றுகொண்டிருந்தது. பையன் சொன்னதே உண்மை. அவன் தாளைப் பார்த்துச் சொன்னான். நான் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தாலும் கேட்பார் இல்லை. தட்டு வெட்டும் கடையில் அந்தத் தாள் எண்ணெய் பட்டுக் கிழிந்தே போயிருக்கும். இந்த எண்ணமும் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

காலையில் பட்டறை திறக்கும் வேளைக்குப் போனேன். பையன் மட்டும் இருந்தான். தாளை அவன் முன் விரித்தேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "தப்பு நன்னது" என்றேன். தப்பு என்னுடையது என்று பொருள். தப்பு என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றாக இருந்தது எனக்கு உதவியாயிற்று. அவன் தாளைப் பார்த்தான், ஒன்பதில் விரல் வைத்தான், அதற்குக் கீழே வெறுந்தாளைத் தடவினான், பிறகு சிரித்தான். "பர்வாகில்லா, அக்கா" என்றான்.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். அவரிடமும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையன் தோளில் கை வைத்து, "நீ சொன்னது நெஜம்டா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மூவருக்கும் தேநீர் வாங்கி வரச் சொன்னார். அரை நாள் கூலியைக் கொடுக்க முன்வந்தேன். "ராடு காசை எனக்குக் குடு. அரை நாள் கூலியை அவனுக்குக் குடு" என்றார். அப்படியே செய்தேன்.

தேநீர் குடித்த பின் மேஸ்திரி உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். தொழிற்சாலை நாட்களின் நினைவாக வைத்திருந்த பழைய படம் ஒன்றை எடுத்து வந்தார். அம்மோனியா அச்சு, மடிப்புகளில் வெளுத்திருந்தது. கோடுகள் எல்லாம் கையால் மை கொண்டு இழுத்தவை. வலக் கீழ் மூலையில் படத்தின் பெயர்க் கட்டம். அதற்கு நேர்மேலே உறுப்புகளின் பட்டியல். அதைப் பார்த்ததும் எனக்கு வியப்பு. தலைப்பு வரிசை அடியில் இருந்தது! அதற்கு மேல் 1, அதற்கு மேல் 2, அதற்கு மேல் 3 என்று எண்கள் கீழிருந்து மேலே ஏறிச் சென்றன.

"இது ஏன் ஐயா தலைகீழா இருக்கு?"

"தலைகீழ் இல்லம்மா. படம் போடும்போதே எல்லாம் நெனப்புக்கு வந்துடுமா? அப்புறம் ஒரு போல்ட்டு சேரும், ஒரு வாஷர் சேரும். கீழே எறங்கிட்டுப் போனா பேப்பர் முடிஞ்சிடும். மேலே ஏறினா எடம் இருக்கும்." வாசலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டினார். எதிர் வீட்டு மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "அவன் கம்பி விட்டு வெச்சிருக்கான் பாரு, அது மாதிரி."

எனக்கு மின்னல் அடித்தாற்போல் இருந்தது. ஆட்டோகேட்டின் 'டேபிள் ஸ்டைல்' பெட்டியில் 'டேபிள் டைரக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. அதில் 'டவுன்', 'அப்' என்று இரண்டு தேர்வுகள். அட்டவணையைத் தலைகீழாக யார் வைக்கப் போகிறார்கள் என்று அந்த 'அப்'பைப் பார்த்துப் பலமுறை நகைத்திருக்கிறேன். அது யாருடைய வேடிக்கையும் அன்று. பட்டியலைக் கீழிருந்து மேலே எழுதுவது படம் வரைவோரிடம் நெடுநாளாக உள்ள மரபு. மையும் தாளும் கொண்டு வேலை செய்தவர்களின் பட்டறிவு, ஒரு சிறு தேர்வாக அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் பொருள் எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று மாலை, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். இம்முறை கோட்டை இழுக்கவில்லை. கோட்டை எது பிடித்திருக்கிறது என்று தேடினேன். படம் வரையும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் கண்டவற்றை முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வரிசையின் உயரத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு. எழுத்தின் உயரத்தை 4/3 ஆல் பெருக்கி, அதனோடு மேலும் கீழும் விடும் ஓரத்தைக் கூட்டினால் வருவது அந்த எல்லை. என் எழுத்து 3.5 மில்லிமீட்டர், அதன் 4/3 பங்கு 4.67. ஓரம் மேலே 1.5, கீழே 1.5, ஆக 3. மொத்தம் 7.67. நான் கேட்டதோ 6. பத்து முறை இழுத்தாலும் அது எப்படி வரும்? 'செல் மார்ஜின்' என்னும் ஓரத்தை 0.5 ஆக்கினேன். எல்லை 5.67 ஆயிற்று. 6 என்று கேட்டதும் மறுக்காமல் தந்தது.

இரண்டாவது, ஓரத்தைக் குறைத்த பின்னும் மூன்று வரிசைகள் இறங்கவில்லை. எழுத்துள்ள கட்டங்களையெல்லாம் சோதித்தேன், குறை இல்லை. கடைசியில் குறிப்புப் பத்தியில் வெறுமையாக இருந்த கட்டங்களைத் தொட்டுப் பார்த்தேன். பழைய படம் ஒன்றிலிருந்து அந்த அட்டவணையைப் படியெடுத்திருந்தேன். அதனால் அவற்றில் எழுத்து உயரம் 5 என்றே தங்கியிருந்தது. ஒரு வரிசையில் மிகப் பெரிய கட்டம் எதுவோ அதுவே வரிசையின் உயரம். ஒரு சொல்லும் இல்லாத கட்டங்கள் முழு வரிசையையும் தூக்கிப் பிடித்திருந்தன! வரிசை முழுவதையும் தேர்ந்து உயரத்தையும் ஓரத்தையும் ஒன்றாக மாற்றியதும் அவை இறங்கின.

மூன்றாவது, சில வேளை அட்டவணையில் எழுத்து உயரத்தை மாற்றும் பெட்டியே மங்கிக் கிடக்கும். எழுத்துருவை அமைத்த இடத்தில் ஓர் உயரத்தை நிலையாக எழுதி வைத்திருந்தால் அப்படி ஆகும். அங்கே 0 என்று இட்டால், அட்டவணை தன் உயரத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை பெறும்.

நான்காவது, தமிழுக்கு ஒரு பத்தி, கன்னடத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து இரண்டையும் அகலமாக்கினேன். ஒரு பெயரும் மடியவில்லை. இரண்டு மொழிகளை ஒரு சிறு கட்டத்துக்குள் திணித்துவிட்டு, வரிசை பருக்கிறதே என்று அதன்மேல் சினந்தது என் அறியாமை. பிறகு திசையை 'அப்' என்று மாற்றி, பட்டியலைப் பெயர்க் கட்டத்தின் தலையில் வைத்தேன்.

இனி லேஅவுட்டைப் பற்றிச் சில சொற்கள். ஐவன் சதர்லாந்து என்பவர் 1963-இல் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைக் கொண்டு, திரையின்மேல் ஒளிப்பேனாவால் படம் வரைந்து காட்டினார். ஆட்டோகேட் 1982-இல் வந்தது. பொருளை முழு அளவில் வரைய ஓரிடம், தாளை அமைக்க வேறோரிடம் என்ற பிரிவு அதில் 1990-இல் வந்தது. அட்டவணை என்னும் தனிப் பொருள் 2004-இல் வெளியான பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் பட்டியல் வேண்டுவோர் கோடு கோடாக இழுத்துக்கொண்டார்கள். ஆகவே எந்தப் பொருளை எந்த இடத்தில் வைப்பது என்ற தெளிவு வேண்டும். கலத்தை முழு அளவில் வரைந்து, தாளில் 'வியூபோர்ட்' என்னும் சாளரம் வழியே பாதி அளவாகக் காட்டுகிறோம் என்று கொள்வோம். பட்டியலையும் கலத்தின் அருகிலேயே எழுதினால் அதுவும் பாதியாகும், 3.5 மில்லிமீட்டர் எழுத்து 1.75 ஆகும், எண்ணெய்க் கையோடு நிற்பவர் அதை எப்படிப் படிப்பார்? பட்டியலைத் தாளின்மேல்தான் வைக்க வேண்டும். சாளரத்தின் அளவை அமைத்தவுடன் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் உள்ளே சென்று பெரிதாக்கிப் பார்க்கும்போது அளவு மாறிவிடும். 'டெஃப்பாயின்ட்ஸ்' என்னும் அடுக்கில் எதையும் வைக்கக் கூடாது. அதில் உள்ளவை திரையில் தெரியும், அச்சில் வாரா.

அச்சிடும் இடத்தில் 'ஃபிட்' என்று ஒரு வசதி இருக்கிறது. தாளுக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கிவிடும். 420க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ3 படத்தை ஏ4 தாளில் அப்படி அச்சிட்டால் 100 மில்லிமீட்டர் கோடு 70 அளவில் நிற்கும். எழுத்தின் உயரங்களாகிய 2.5, 3.5, 5, 7 என்பவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 1.4 மடங்கு. தாள்களின் பக்கங்களும் அதே விகிதம். ஆகவே சுருங்கினாலும் 3.5 எழுத்து 2.5 ஆகிப் படிக்கக்கூடியதாகவே இருக்கும். ஆனால் அளவுகோலை வைத்தால் ஏமாற்றும். இப்போது என் படங்களின் அடியில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை இழுத்து வைக்கிறேன். அச்சான தாளில் முதலில் அதைத்தான் அளக்கிறேன்.

புதிய படியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரியிடம் கொடுக்கவில்லை, பையனிடம் கொடுத்தேன். அவன் அதைச் சாணைக்கல்லின் பக்கத்தில் விரித்தான். படத்தில் உறுப்புகளைச் சுட்டும் வட்ட எண்களை ஒரு கை விரலாலும், பட்டியலின் வரிசைகளை மறு கை விரலாலும் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஒன்று கீழே, பத்து மேலே. கடைசி விரல் நின்ற இடத்தில், "ஹத்து இதெ, அக்கா" என்றான். பத்து இருக்கிறது என்றான்.

மூன்று கால்களும் ஒரே அமைப்பில் வெட்டப்பட்டன. இன்று அந்தக் கலம் எங்கள் ஆய்வுக்கூடத்து மேசையில் அசையாமல் நிற்கிறது.

சென்ற திங்கள் ஒரு சிறு தேவை எழுந்தது. கம்பிகளைப் பிடித்து வைக்க ஒரு பட்டை வேண்டும். படத்தில் அது இல்லை. புதிதாக அச்சிட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். பையன் வேண்டாம் என்று தலையசைத்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். பத்துக்கு மேலே 11 என்று எழுதி, பட்டையின் பெயரைக் கன்னடத்தில் எழுதினான். என்னிடம் பென்சிலை நீட்டினான். பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன். அதற்கும் மேலே இன்னும் இடம் இருந்தது.